அத்தா அனுப்பிய கண் மருந்து

அத்தாவுக்கு,

இன்று மத்தியானம் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது கைப்பையைத் திறந்தேன். கைக்குட்டை முழுக்க மஞ்சள். கண்ணில் அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால் விடுவார்களே, அந்தச் சொட்டு மருந்தின் சாயம். எந்தச் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அப்போதெல்லாம் அம்மாவுக்கு இந்தக் கறையைக் கண்டால் எரிச்சல் வரும். உங்களுக்கு மட்டும் நிம்மதி வரும், ஏனென்றால் நான் ஆஸ்பத்திரிக்கு நிஜமாகவே போயிருக்கிறேன் என்பதற்கு அதுதான் சாட்சி. நீங்கள் இருந்தவரை, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும். "நம்பர் என்னம்மா?" சலாம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இன்றைக்குக் கேட்க ஆளில்லை. உங்கள் மருமகன் அச்சடிக்கப் பேப்பர் வாங்கக் கும்பகோணம் போயிருந்தார், பேத்தி காலேஜில். அதனால் கண் அழுத்தத்தின் நம்பரை உங்களுக்கே எழுதிச் சொல்லிவிடுகிறேன். வலது கண் பதிமூன்று. இடது கண் பதினைந்து.

எனக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது இருப்பது ஒரு லேடி டாக்டர். என் ஆபரேஷனுக்கு ஆன வயசுகூட அந்தப் பெண்ணுக்கு இருக்காது. என் வலது கண்ணின் மேல் இமையைத் தூக்கிப் பார்த்தவர், விளக்கைக் கூட்டி வைத்து மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டார்.

"வந்து பாருங்க. பதிமூணு வயசுல பண்ண ஆபரேஷன். முப்பது வருஷமா வேலை செய்யுது. இப்படி எப்பவும் பார்க்கக் கிடைக்காது."

நாலு பேரும் வரிசையில் வந்து என் கண்ணைப் பார்த்தார்கள். பொங்கலுக்குப் பரிசு வாங்கிய மாடு மாதிரி நான் முகவாயை மிஷினில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கூட இருந்திருந்தால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஐந்தாவது ஆளாக வரிசையில் நின்றிருப்பீர்கள்.

"எப்படி ஆரம்பிச்சதும்மா?" என்று டாக்டர் கேட்டார். ஃபைலில் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பிள்ளைகள் கேட்கட்டும் என்று என்னைச் சொல்லச் சொன்னார்.

"எங்க அத்தா சார்ஜாவுலேர்ந்து அனுப்பின கண்ணு மருந்து" என்றேன். இதை இப்படிச் சாதாரணமாகச் சொல்ல எனக்கு எத்தனை காலம் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயசு முடிந்த வருஷம் அது. நீங்கள் சார்ஜாவில் ஒரு குளிர்சாதனக் கிடங்குக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நீடாமங்கலத்தில் நானும் அம்மாவும். அறுப்பு முடிந்து, உளுந்தும் பயறும் களத்துக்கு வந்து, ஊரே தூசியாகக் கிடக்கிற நாளில் எனக்குக் கண் அரிக்கத் தொடங்கும். விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தால் சொர்க்கம் தெரியும். அடுத்த நிமிஷம் இரண்டு மடங்கு அரிக்கும். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. அம்மா பன்னீர் விட்டுப் பார்த்தாள், மல்லி ஊறிய தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். கடைத்தெருவில் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை. அந்த மாதம் உங்களுக்கு அனுப்பிய கேசட்டில், அம்மா வீட்டு விஷயமெல்லாம் பேசி முடித்த பிறகு, நான் அழுதுகொண்டே பேசினேன். "அத்தா, கண்ணு அரிக்குது. பள்ளிக்கூடத்துல எல்லாரும் தள்ளி உக்காருறாங்க."

மகள் அழுத கேசட்டைக் கேட்டுவிட்டு எந்த மனுஷன் சும்மா இருப்பான்? லீவில் வந்த ஒருவரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் வாசனைச் சோப்புக்கும் நடுவில், துணியில் சுற்றிய இரண்டு வெள்ளைப் பாட்டில்கள் இருந்தன. கூடவே கேசட்டில் உங்கள் குரல். "ரூமுக்குக் கீழ இருக்குற மருந்துக் கடையில கேட்டு வாங்கினேன். நல்ல மருந்தாம். நாலு வேளையும் மறக்காம விடச் சொல்லு."

மறக்காமல் விட்டோம். இரண்டே நாளில் கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது. "ஃபாரின் மருந்துன்னா ஃபாரின் மருந்துதான்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். சொன்னாளே தவிர, யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டு வந்தவர்களிடம், தீர்ந்துவிட்டது என்று பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டே பொய் சொன்னாள். அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அம்மாவின் அந்தக் கருமித்தனம் நம் தெருவில் எத்தனை பிள்ளைகளின் கண்ணைக் காப்பாற்றியதோ என்று தோன்றுகிறது.

மருந்தை நிறுத்தினால் அரிப்பு வரும். விட்டால் போகும். ஆகவே விட்டுக்கொண்டே இருந்தோம். நீங்களும் ஒரு பயணிகூட வெறுங்கையோடு வராதபடி பார்த்துக்கொண்டீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டில். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சர் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைக் காட்டினார். இடது கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை, புகை மூட்டமாக ஒரு வட்டம் மட்டும்.

"இடது கண்ணுல எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டேன்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை. இடது கை கொஞ்சம் மட்டம், அதால் எழுத வராது, அதே மாதிரி இடது கண்ணும் எல்லோருக்கும் கொஞ்சம் மட்டம்தான் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் என் வலது கண்ணைத் தன் கையால் பொத்தி, எதிரில் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். எனக்கு விரலே தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் என்னோடு வீடுவரை நடந்து வந்து அம்மாவிடம் பேசினார்.

தஞ்சாவூரில் பெரிய டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, என்ன மருந்து விடுகிறீர்கள் என்று. அம்மா பெருமையோடு முந்தானையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஃபாரின் மருந்துங்க. அவங்க அத்தா அனுப்புறாங்க."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. ஒரு வேளைகூடத் தவறினதில்லைங்க."

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு, டாக்டர் பார்த்துக்கிட்டே இருந்தா, விடலாம். இப்படி வருஷக்கணக்குல விட்டா சில பிள்ளைங்களுக்குக் கண்ணுல அழுத்தம் ஏறிடும். வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, வடிகால் அடைஞ்சு போச்சுன்னு வைங்க. என்ன ஆகும்?"

"பயிரு அழுகிடும்" என்றாள் அம்மா.

"அதுதான் ஆயிருக்கு. கண் நரம்பு பாதி அழிஞ்சிருக்கு. கிளாக்கோமான்னு சொல்லுவோம். போன பார்வை திரும்பி வராது. இருக்குறதைக் காப்பாத்தலாம்."

அந்த மருந்தை அன்றோடு நிறுத்தி, வேறு மருந்து கொடுத்துச் சில வாரம் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்து, நீர் வெளியேற இமைக்கு அடியில் ஒரு புது வடிகால் வெட்ட வேண்டும் என்று முடிவானது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தாகிட்ட கண்ணுல பிரஷர்னு மட்டும் சொல்லுவோம். மருந்துனாலன்னு சொல்லக் கூடாது. அங்க தனியாக் கிடக்குற மனுஷன், தாங்க மாட்டாங்க."

சரி என்றேன். ஆனால் எனக்கு உள்ளே கொதித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நீங்கள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்யும்போது, நல்ல மருந்தாம், நல்ல மருந்தாம் என்று உங்கள் குரலிலேயே கத்த வேண்டும் போலிருந்தது.

எமர்ஜென்சி லீவில் ஓடி வந்தீர்கள். வந்ததும் பெட்டியைத் திறந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டிலில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். ஆறு பாட்டில். அதே வெள்ளைப் பாட்டில். "ஒரு வருஷத்துக்கு வரும்மா, கவலையே இல்ல" என்றீர்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். அந்த நிமிஷம் உங்களை வெறுத்தேன், அத்தா. இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் என்னை வார்டில் சேர்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போனீர்கள். ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவிய ஈரத்தோடு வந்தீர்கள். தொழுதுவிட்டு வருகிறீர்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஆறு பாட்டிலை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. நான் எறிந்துவிட்டேன் என்று அம்மா நினைத்தாள். அம்மா எறிந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம்.

முதலில் வலது கண், இரண்டு வாரம் கழித்து இடது. கட்டுப் பிரித்த அன்று நீங்கள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை வருஷம் தாங்குங்க?"

"நேர்மையாச் சொல்லணும்னா எனக்குத் தெரியாது பாய்" என்றார் அவர். "சின்னப் பிள்ளைங்களுக்குச் சதை சீக்கிரம் கூடும், வெட்டின வழியை அதுவே அடைச்சிடும். சில பேருக்கு அஞ்சு வருஷம்கூட ஓடாது. சில பேருக்கு ஆயுசுக்கும் ஓடும். இவளுக்கு எதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒருதடவை வரணும். நல்லா இருந்தாலும் வரணும். கல்யாணம் ஆனாலும், பிள்ளை பெத்தாலும் வரணும். நல்லாத்தானே இருக்குன்னு வராம விட்டவங்கதான் எங்களுக்குக் கை மீறிப் போறாங்க."

அன்றைக்குத் தொடங்கியது உங்கள் நம்பர் பைத்தியம். லீவு முடிந்து நீங்கள் போன பிறகு, ஒவ்வொரு செக்கப் முடிந்த வெள்ளிக்கிழமையும் போனில் அந்தக் கேள்வி. நான் "பதினாலு" என்பேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்பீர்கள். அதற்கப்புறம் நான் ஏதாவது பேசுவேன் என்று காத்திருப்பீர்கள். நான் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். மூன்று வருஷம் அப்படி. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காசு ஓடும் அந்தக் காலத்தில், அதில் பாதியை என் மௌனத்துக்கே கொடுத்தீர்கள்.

நான் ப்ளஸ் டூ முடித்தபோது சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். கண்ணுக்கு ஆகாத பிள்ளை, மேலே படிக்க வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும், வீட்டில் இருக்கட்டும் என்று. அந்த லீவுக்கு நீங்கள் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினீர்கள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து பஸ்ஸில். பெரியவர்கள் எல்லோரும் கண்ணைக் கெடுக்கப் பார்க்கிறாயே என்றார்கள். அந்தச் சொல் உங்களை எப்படிக் குத்தியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றீர்கள். "படிச்சாக் கண்ணு கெடாதாம். பிரஷர் ஏறுனாத்தான் கெடுமாம். நம்பர் பதினாலு. அது பாட்டுக்குப் படிக்கட்டும்."

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழில் அப்படித்தான் எனக்கு வந்தது. மன்னார்குடியில் கம்ப்யூட்டரில் அச்செழுத்துக் கோக்கிற டி.டி.பி. கற்றுக்கொண்டு, நம் கடைத்தெருவிலேயே ஒரு அறையில் மிஷினைப் போட்டேன். நம் ஊர்ப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் பெரிதாக இருக்கும், சொந்தக்காரர்கள் பெயர்கள் எறும்பு மாதிரி இருக்கும். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும். அந்த எறும்பெழுத்தை எல்லாம் நான் ஒற்றைக் கண்ணால் பிழை திருத்தினேன். கண்ணுக்கு ஆகாத பிள்ளை என்று தீர்ப்புச் சொன்ன மாமா, தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வந்தார். முந்நூறு பத்திரிகை. ஒரு புள்ளி தப்பவில்லை. அன்றைக்குப் போனில் உங்களிடம் நானாகப் பேசினேன், பதினைந்து நிமிஷம். அந்த மாமாவின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தீர்கள். ஆண்கள் முன் ஹாலில், பெண்கள் என்னோடு உள்ளறையில், நடுவில் ஒரு திரை. சர்பத் வருவதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள். "ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். பிள்ளைக்குச் சின்ன வயசுல ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிருக்கு. இடது கண்ணு முக்கால்வாசி தெரியாது. ஆயுசுக்கும் செக்கப் போகணும்." இப்படிச் சொல்லி இரண்டு குடும்பத்தைத் துரத்தினீர்கள். சர்பத்தை மட்டும் மரியாதையாகக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவதாக வந்தது மன்னார்குடிக் குடும்பம். மாப்பிள்ளையின் அத்தாவுக்கு மூத்தவர், பெரியத்தா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பரம்பரையா பாய்? பிறக்குற பிள்ளைங்களுக்கும் வருமா?"

நியாயமான கேள்வி. உள்ளே அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின. அதற்குப் பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம். நீங்கள் தெரியலைங்க என்பீர்கள், அவர்கள் எழுந்து போவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பரம்பரை இல்லைங்க" என்றீர்கள். "நான்தான் கெடுத்தேன்."

யாரும் கேட்பதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள். "கண்ணு அரிக்குதுன்னு பிள்ளை அழுதுச்சு. டாக்டரைக் கேக்காம சார்ஜாவுலேர்ந்து மருந்து அனுப்பினேன். ரெண்டு வருஷம். அந்த மருந்துனால வந்தது. பிள்ளைகிட்ட எந்தக் குறையும் இல்ல, அது பெறுற பிள்ளைக்கும் இதனால வராது. டாக்டர் எழுதியே குடுப்பாங்க. குறை எங்கிட்ட."

அம்மாவின் கை தளர்ந்தது. நீ சொன்னியா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். நான் அவளை அப்படியே பார்த்தேன். கூட இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் திரையருகே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெரியத்தா கேட்டார். "சார்ஜாவுல வேன் ஓட்டுறவரா? ஏர்போர்ட்டுக்கு நம்ம ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போறவரா? கண்ணு மருந்து பாயா நீங்க?"

அவரும் முன்பு சார்ஜாவில் இருந்தவர். உங்களுக்கு அங்கே அப்படி ஒரு பெயர் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும். லீவில் போகிறவர் பெட்டியில் நாலு ரூம்காரர்களின் பார்சலும் ஏறும். வேனை ஓட்டுவது நீங்கள், எடை போடும் தராசும் உங்களுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு சார்ஜா திரும்பிய நாளிலிருந்து, எடை போடுகிற சாக்கில் ஒவ்வொரு பார்சலையும் பிரித்துப் பார்த்து, கண் மருந்து இருந்தால் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். நாகூர்க்காரர் ஒருவர் உங்கள் சட்டையைப் பிடித்துவிட்டாராம். பெரியத்தா சொல்லச் சொல்ல ஹாலில் சிரிப்பு எழும்பியது.

"எம்பெட்டியிலயும் ரெண்டு பாட்டில் எடுத்தீங்க. நான் திட்டின திட்டு ஞாபகம் இருக்கா?"

"எல்லாரும்தான் திட்டினாங்க. யாரு எதுன்னு ஞாபகம் இல்லைங்க."

"அதோட விட்டீங்களா? எம்மகளுக்கு நானே பண்ணினேன், நீங்க பண்ணாதீங்கன்னு பத்து நிமிஷம் பிரசங்கம்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. தன் வீட்டுப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் திரைப் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். "இந்த மனுஷன் வீட்டுல தைரியமாச் சம்பந்தம் பண்ணலாம்."

சர்பத்தை அன்று இரண்டு தடவை கேட்டுக் குடித்தார்கள்.

நாள் குறித்துவிட்டு, லீவு முடிந்து நீங்கள் கிளம்பியபோது ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வந்தேன். திருச்சிப் பாசஞ்சர் வழக்கம்போல லேட். பிளாட்பாரப் பெஞ்சில் வெயில் காலில் விழ உட்கார்ந்திருந்தோம்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அத்தா?"

"ஆபரேஷனுக்கு மொத நாளு. ஆறு பாட்டிலையும் கொண்டுபோய் டாக்டர் மேஜையில வச்சு, ஆபரேஷன் முடிஞ்சு இதை எப்பலேர்ந்து விடலாம்னு கேட்டேன்."

அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீயும் அம்மாவும் அவ்வளவு பாடுபட்டீங்க. அதைக் கெடுக்க வேணாம்னு பார்த்தேன்." பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "கோவமாம்மா?"

"ஆமா."

"இன்னுமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா பரவால்ல" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

வடிகால் எல்லா வருஷமும் ஒழுங்காக ஓடிவிடவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. பேத்தி வயிற்றில் இருந்தபோது இடது கண்ணின் நம்பர் இருபத்தாறுக்கு ஏறியது. வழக்கமான சொட்டு மருந்துகளில் பாதியை அப்போது விடக் கூடாது என்றார்கள். நீங்கள் வேலையை விட்டுவிட்டே வந்துவிட்டீர்கள், மறுபடி போகவில்லை. பிரசவம் ஆனதும் அந்தக் கண்ணில் இன்னொரு சின்ன ஆபரேஷன். ஊரில் மெட்ராஸ் ஐ வந்தால் கடைக்குப் பூட்டுப் போட்டு என்னை வீட்டில் அடைப்பீர்கள், ஏனென்றால் வடிகால் வெட்டிய கண்ணுக்குள் கிருமி சுலபமாகப் போய்விடும். இத்தனைக்கும் நடுவில் ஒரு செக்கப்கூட நாம் தவறவிடவில்லை. வெள்ளம் வந்து பஸ் ஓடாத வருஷம்கூடத் தெரிந்தவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அந்த டிராக்டர் சத்தத்தில் வராத பிரஷரும் வந்திருக்கும். வரவில்லை, பதினான்கு.

இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் ஒருவர் என்னிடம் வந்தார். திருவாரூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயசு, நாளைக்கு ஆபரேஷன். டாக்டர்தான் என்னைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒருதடவை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிக் காட்டி, ஒன்றரை வருஷம் அதே சொட்டு மருந்தை அவரே வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது வெளிநாட்டுப் பெட்டிகூடத் தேவையில்லை, நம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

"எத்தனை வருஷம் தாங்குங்க?" என்று கேட்டார்.

நீங்கள் கேட்ட அதே கேள்வி, அத்தா.

"என்னுது முப்பது வருஷம் தாண்டிடுச்சுண்ணே" என்றேன். "எல்லாருக்கும் இப்படியே இருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவுல மருந்து விட வேண்டி வரும், இன்னொரு ஆபரேஷன்கூட வரலாம். ஆனா விடாம வந்தா விடாமப் பார்க்கலாம்." அவர் கையிலிருந்த மருந்து டப்பாவை வாங்கி, பக்கவாட்டில் அச்சடித்திருந்த பொடி எழுத்தை மூச்சு விடாமல் படித்துக் காட்டினேன், விலை, தேதி, ஊர், பின்கோடு வரை. என் தொழில் அதுதானே. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்காலி தள்ளி அந்தப் பெண் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும்.

"எங்கூட பேசவே மாட்டேங்குது" என்றார்.

"இப்பப் பேச வேணாம். நீங்க பாட்டுக்கு நாள் தவறாமக் கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு உங்க அத்தா மேல கோவம் போச்சாங்க?"

"போயிடுச்சுண்ணே."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே என்று நகர்ந்துவிட்டேன். பஸ் ஏறி வல்லம் நெருங்கும்போது, இது நம் ஊருக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ் என்று கண்டக்டர் இறக்கிவிடும் அளவுக்கு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியும், அத்தா. எனக்கு முப்பத்து நாலு வயசில் வலது கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் செய்தார்களே, அன்றைக்கு. அதில் பழைய வடிகால் அடைபட்டுப்போகலாம், இருக்கிற ஒரே நல்ல கண்ணும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும் எதிரில் நின்றது நீங்கள். மூன்று நாள் மழிக்காத வெள்ளைத் தாடி, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம் தெரிந்தது. உதடு துடிப்பது தெரிந்தது. "தெரியுறேனாம்மா?" என்று கேட்டீர்கள். "நல்லாத் தெரியுறீங்க, போய் ஷேவ் பண்ணிட்டு வாங்க" என்றேன். நீங்கள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதீர்கள். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், மிச்சமிருந்த அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று வருஷம் நீங்கள் என்னோடு இருந்தீர்கள். கேலி பேசினேன், சண்டை போட்டேன், நம்பர் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். நம் வீட்டில் இந்தத் தப்பை எல்லோருமே செய்திருக்கிறோம்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். கோபம் இல்லை, அத்தா. துளிகூட இல்லை.

அடுத்த செக்கப் ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தத் திருவாரூர்க்காரரின் மகளுக்கும் அதே நாளில் தேதி போடச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவள் அப்பா அவளை அழைத்து வருவார். நான் தனியாகப் போவேன், யாரும் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, எனக்கு நன்றாகவே கண் தெரிகிறது.

உங்கள் மகள்